போன் வாங்கும் முன்பே வெளியே வரும் வழியைப் பார்த்து வையுங்கள்

ஆண்ட்ராய்டா ஐபோனா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். மூன்று வருடம் கழித்து அந்தப் பக்கம் போக வேண்டும் என்று தோன்றினால், என்னென்ன உங்களோடு வரும், என்னென்ன அங்கேயே தங்கிவிடும்? கேமரா எத்தனை மெகாபிக்சல், சார்ஜ் எத்தனை நிமிடத்தில் ஏறும் என்பதையெல்லாம் சொல்ல யூடியூபில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இதைச் சொல்ல ஆள் குறைவு, ஏனென்றால் சொல்லி யாருக்கும் லாபமில்லை. வாடகைக்கு வீடு பார்க்கும்போது அட்வான்ஸ் எப்போது திரும்ப வரும், காலி செய்ய எத்தனை மாதம் முன்னால் சொல்ல வேண்டும் என்று முதல் நாளே கேட்டுவிடுகிறோம் அல்லவா, அதே கணக்குதான்.

முதலில் ஒரு சின்னப் பழங்கதை, வாங்குவதற்கு இது உதவும். 2010 வாக்கில் போனை இயக்கும் மென்பொருளில் நிறைய கட்சிகள் இருந்தன: நோக்கியாவின் சிம்பியன், பிளாக்பெர்ரி, சாம்சங்கின் படா, மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் போன். 2011 பிப்ரவரியில் நோக்கியா சிம்பியனைக் கைவிட்டு விண்டோஸுக்குப் போனது. விண்டோஸ் போன் மோசமான போன் ஒன்றும் இல்லை, பயன்படுத்தியவர்கள் இன்றும் அந்த டைல்ஸ் முகப்பைப் பற்றி ஆசையாகப் பேசுவார்கள். ஆனால் ஆப் இல்லை. ஆட்கள் குறைவு என்பதால் ஆப் எழுதுபவர்கள் வரவில்லை, ஆப் இல்லை என்பதால் ஆட்கள் வரவில்லை. 2013-இல் மைக்ரோசாஃப்ட் தானே ஒரு யூடியூப் ஆப் எழுதிப் போட்டது, அதை கூகுள் முடக்கியது. 2014 நவம்பரில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா தொழிற்சாலை மூடப்பட்டதற்கு வரிப் பிரச்சினை முதலான வேறு காரணங்களும் உண்டு, ஆனாலும் அந்தக் கம்பெனி சறுக்கியதன் வலி நம் ஊர் வரை வந்தது. 2019 டிசம்பர் 31-ஓடு விண்டோஸ் போனில் வாட்ஸ்அப் நின்றது. பழைய பிளாக்பெர்ரி போன்களுக்கான சர்வர்கள் 2022 ஜனவரி 4-ஆம் தேதி அணைக்கப்பட்டன.

ஆக, போன் நன்றாக இருப்பது மட்டும் போதாது. உங்கள் வங்கி ஆப், வாட்ஸ்அப், ஜிபே மூன்றும் ஓடாத தளம் எதுவாக இருந்தாலும் அதை முதல் போனாக வாங்காதீர்கள். சென்னை ஐஐடியில் வளர்ந்த நிறுவனம் உருவாக்கிய பார்ஓஎஸ் என்ற இயங்குதளம் 2023 ஜனவரியில் அறிமுகமானபோது நிறைய பேர் குஷியானார்கள், முயற்சி நல்லதுதான், ஆனால் அதற்கும் இதே கேள்விதான். ஹுவாவேயும் இதில் சேரும். 2019-இல் அமெரிக்கத் தடை வந்த பிறகு அதன் புதுப் போன்களில் கூகுள் சேவைகள் கிடையாது. வெளிநாட்டிலிருந்து யாராவது வாங்கி வந்து கொடுத்தால் ஆசைப்பட்டு வாங்கிவிட்டு அப்புறம் முழிக்க வேண்டாம்.

மிச்சம் இரண்டே இரண்டு. அதிலும் நம் நாட்டில் பத்துப் போனில் ஒன்பதுக்கு மேல் ஆண்ட்ராய்டு. அதனால் பட்ஜெட் இருபதாயிரத்துக்குள் என்றால் 'ஆண்ட்ராய்டா ஐபோனா' என்ற கேள்வியே உங்களுக்கு இல்லை, எந்த ஆண்ட்ராய்டு என்பதுதான். அங்கே நிஜமான போட்டி இருக்கிறது: சாம்சங், விவோ, ஓப்போ, ரெட்மி, ரியல்மி, மோட்டோ என்று அடித்துக்கொள்கிறார்கள், அதன் பலன் உங்களுக்கு விலையில் தெரிகிறது. விலையில் தெரியாத இடம் ஒன்று உண்டு, அது அப்டேட்.

எத்தனை வருடம் அப்டேட் தருகிறார்கள் என்று கட்டாயம் பாருங்கள். 2023-இல் கூகுள் பிக்சல் 8-க்கு ஏழு வருடம் என்று அறிவித்தது. சில மாதங்களில் சாம்சங்கும் எஸ்24-க்கு ஏழு வருடம் என்றது. அப்புறம் ஏ16 5ஜி போன்ற பட்ஜெட் போனுக்கே ஆறு வருடம் என்று இறங்கி வந்தார்கள். ஒருவன் கொடுத்தால் அடுத்தவனும் கொடுத்துத்தான் ஆக வேண்டும், போட்டி என்றால் இதுதான். ஆப்பிள் இப்படி முன்கூட்டிப் பெரிதாக விளம்பரம் செய்வதில்லை, ஆனால் நடைமுறையில் நீண்ட காலம் தருகிறது: 2015-இல் வந்த 6எஸ்-க்கு ஐஓஎஸ் 15 வரை கிடைத்தது, 2018-இல் வந்த எக்ஸ்ஆர்-க்கு ஐஓஎஸ் 18 வரை. இன்னமும் இரண்டு ஆண்ட்ராய்டு வெர்ஷன், மூன்று வருட செக்யூரிட்டி என்பதோடு நிறுத்திக்கொள்ளும் மாடல்களும் விற்கின்றன. ஒரு சூட்சுமம்: இந்த வருடக் கணக்கு பெரும்பாலும் போன் சந்தைக்கு வந்த நாளிலிருந்து ஓடுகிறது, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து இல்லை. தீபாவளி ஆஃபரில் இரண்டு வருடப் பழைய மாடல் பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று எடுத்தால் நாலு வருட அப்டேட்டில் இரண்டு ஏற்கெனவே கரைந்திருக்கும். மாடல் பெயரைப் போட்டு எப்போது வெளியானது என்று தேடிப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

உங்களைக் கட்டிப்போடும் சாமான்கள்

போனைவிட அதோடு வாங்கும் உருப்படிகள்தான் ஆளைக் கட்டிப்போடும். ஆப்பிள் வாட்ச் ஐபோன் இல்லாமல் செட்டப் ஆகாது. சாம்சங்கின் கேலக்ஸி வாட்ச் 4-உம் அதற்குப் பிறகு வந்தவையும் ஐபோனோடு சேராது. இரண்டு தரப்பும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன, ஒருவரை மட்டும் திட்டிப் பயனில்லை. இரண்டு பக்கமும் வேலை செய்யும் வாட்ச் வேண்டுமென்றால் கார்மின், அமேஸ்ஃபிட் மாதிரி பாருங்கள். ஏர்பாட்ஸ் ஆண்ட்ராய்டில் சாதாரண ப்ளூடூத் இயர்போனாக ஓடும், பாட்டு கேட்கும், பேசும், ஆனால் அந்த விலைக்கான வசதிகளில் பாதி வராது. சார்ஜர் விஷயத்தில் மட்டும் நிம்மதி. ஐரோப்பிய யூனியன் சட்டம் போட்டது, 2023-இல் வந்த ஐபோன் 15 முதல் ஆப்பிளும் டைப்-சி போர்ட்டுக்கு வந்துவிட்டது. எங்கோ பிரஸ்ஸல்ஸில் போட்ட சட்டத்தால் நம் வீட்டில் ஒரு கேபிள் குறைந்தது.

அமெரிக்காவில் இந்தக் கட்டிப்போடும் வேலை மெசேஜிலேயே நடக்கிறது. அங்கே எல்லோரும் போனோடு வரும் மெசேஜ் ஆப்பில்தான் பேசுவார்கள், ஐபோன்காரர்கள் குழுவில் ஒரு ஆண்ட்ராய்டுக்காரர் நுழைந்தால் மற்றவர்கள் ஐபோனிலிருந்து அனுப்பும் செய்தி நீலத்துக்குப் பதில் பச்சை நிறத்தில் விழும், வீடியோ மங்கலாகப் போகும். 2022-இல் ஒரு மேடையில் ஒருவர், என் அம்மாவுக்குச் சில வீடியோக்களை அனுப்ப முடியவில்லை என்று அப்போது ஆப்பிளின் தலைமை நிர்வாகியாக இருந்த டிம் குக்கிடம் சொன்னதற்கு, அம்மாவுக்கு ஒரு ஐபோன் வாங்கிக் கொடுங்கள் என்று பதில் வந்தது. 2024 மார்ச்சில் அமெரிக்க நீதித்துறை ஆப்பிள் மேல் போட்ட வழக்கில் இந்தப் பச்சை நிற விவகாரமும் ஒரு குற்றச்சாட்டு. அதே ஆண்டு ஐஓஎஸ் 18-இல் எஸ்எம்எஸ்ஸின் புது வடிவமான ஆர்சிஎஸ் வந்து நிலைமை கொஞ்சம் சரியானது. நமக்கு இந்தத் தலைவலியே கிடையாது, பேச்சு முழுக்க வாட்ஸ்அப்பில்தான். அதனால் 'ஐபோன் இல்லையென்றால் குரூப்பில் மதிக்க மாட்டார்கள்' என்று பசங்க சொன்னால் நம்பாதீர்கள், அது அமெரிக்க ரீல்ஸ் பார்த்து வந்த கவலை.

எந்தப் பக்கம் இருந்தாலும் செய்து வைக்க வேண்டியவை

போன் நம்பர்களை சிம்மிலோ போனிலோ வைக்காமல் ஒரு கூகுள் கணக்கில் வையுங்கள். ஐபோனிலும் இது முடியும்: செட்டிங்ஸில் உங்கள் ஜிமெயில் கணக்கைச் சேர்த்து அதில் காண்டாக்ட்ஸை ஆன் செய்துவிட்டு, காண்டாக்ட்ஸ் பகுதியில் டிஃபால்ட் அக்கவுன்ட் என்ற இடத்தில் ஜிமெயிலைத் தேர்ந்தெடுங்கள். இனிமேல் சேமிக்கும் எண்கள் அங்கே போகும்.

பாஸ்வேர்டுகளும் அப்படித்தான். ஆப்பிளின் கீச்செயினில் எல்லாவற்றையும் அடுக்கி வைத்தால் ஆண்ட்ராய்டுக்கு அது வராது. பிட்வார்டன் என்ற பாஸ்வேர்டு ஆப் இரண்டிலும் உண்டு, இலவசம். க்ரோமில் சேமித்தாலும் ஐபோனில் எடுத்துக்கொள்ளலாம். நோட்ஸ் எழுதும் பழக்கம் உள்ளவர்கள் கூகுள் கீப், ஒன்நோட் மாதிரி இரண்டு பக்கமும் இருப்பதில் எழுதுங்கள். ஓடிபி தரும் ஆதென்டிகேட்டர் ஆப் வைத்திருந்தால் அதன் பேக்கப் அடுத்த பக்கத்திலும் திறக்குமா என்று இப்போதே பார்த்துவிடுங்கள். மைக்ரோசாஃப்டுடையதில் ஐபோன் பேக்கப்பை ஆண்ட்ராய்டில் திறக்க முடியாது, கூகுளுடையது 2023 முதல் கணக்கோடு ஒட்டிக்கொண்டு வருகிறது.

போட்டோ கொஞ்சம் பெரிய விஷயம். கூகுள் 15 ஜிபி இலவசமாகத் தருகிறது, ஆனால் அது ஜிமெயில், டிரைவ், ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப் பேக்கப் எல்லாவற்றுக்கும் சேர்த்து. ஐகிளவுட் 5 ஜிபி, அது ஒரு கல்யாண ஆல்பத்துக்கே காணாது. நிரம்பியதும் மாதச் சந்தா கட்டச் சொல்வார்கள், கட்ட ஆரம்பித்தால் அந்தப் பக்கம் போக மனம் வராது, இதுதான் இருப்பதிலேயே பலமான பூட்டு. ஐகிளவுடிலிருந்து கூகுள் போட்டோஸுக்கு மொத்தமாக அனுப்ப ஆப்பிளின் பிரைவசி இணையப் பக்கத்திலேயே வசதி இருக்கிறது, கூகுள் டேக்அவுட் வழியாக எதிர்த்திசையிலும் அனுப்பலாம். இவ்வளவு இருந்தும் நான் சொல்வது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு ஹார்ட் டிஸ்கில் போட்டுவிடுங்கள் என்பதுதான்.

ஐபோன்காரர்களுக்கு இன்னொன்று. அது எடுக்கும் படம் ஹெச்இஐசி என்ற வடிவத்தில் சேமிக்கப்படும். அரசுத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போது இணையதளம் ஜேபிஜி மட்டும்தான் கேட்கும், இசேவை மையத்தில் உட்கார்ந்திருப்பவர் 'போட்டோ ஏற மாட்டேங்குது' என்று திருப்பி அனுப்புவார். செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மட்ஸ் என்று போய் மோஸ்ட் கம்பாட்டிபிள் என்பதை அமுக்கிவிட்டால் தீர்ந்தது.

காசு கொடுத்து வாங்கிய ஆப்கள் மட்டும் எப்படியும் வராது. பிளே ஸ்டோரில் வாங்கியதை ஆப் ஸ்டோரில் மறுபடி வாங்க வேண்டும். ஆனால் மாதச் சந்தாக்களுக்கு வழி உண்டு: ஆப்புக்குள் கட்டாமல் அந்தந்த நிறுவனத்தின் இணையதளத்தில் பிரவுசர் வழியாகப் போய்க் கட்டுங்கள். இரண்டு ஸ்டோர்களும் 15 முதல் 30 சதவீதம் வரை கமிஷன் எடுக்கின்றன, அது பல இடங்களில் உங்கள் தலையில்தான் விழுகிறது. யூடியூப் பிரீமியத்தையே ஐபோன் ஆப்புக்குள் வாங்கினால் விலை கூட. இணையதளத்தில் கட்டிய சந்தா எந்தப் போனுக்குப் போனாலும் உங்கள் கூடவே வரும்.

இந்த இடத்தில் இந்தியப் போட்டி ஆணையத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2022 அக்டோபரில் அது கூகுள் மேல் இரண்டு அபராதம் போட்டது, ஆண்ட்ராய்டில் தன் ஆப்களைத் திணித்ததற்கு 1,337.76 கோடி ரூபாய், பிளே ஸ்டோர் கட்டண முறைக்கு 936.44 கோடி ரூபாய். உச்ச நீதிமன்றமும் தடை கொடுக்க மறுத்த பிறகு, 2023 ஜனவரியில் கூகுள் சில மாற்றங்களை அறிவித்தது: போன் கம்பெனிகள் கூகுள் ஆப்களைத் தனித்தனியாக எடுத்துக்கொள்ளலாம், நீங்கள் தேடுபொறியைத் தேர்ந்தெடுக்கலாம் என்று. 2024 பிப்ரவரியில் போன்பே தன் இண்டஸ் ஆப்ஸ்டோரைத் தமிழ் உட்படப் பல மொழிகளில் கொண்டுவந்தது. ஐபோனில் இந்தியாவில் இப்படி வேறு கடை எதுவும் இல்லை. ஐரோப்பாவில் 2024 மார்ச் முதல் சட்டம் கட்டாயப்படுத்தியதால் திறந்துவிட்டார்கள். உங்களுக்கு நடைமுறையில் என்ன என்றால், புது ஆண்ட்ராய்டைத் திறந்து செட்டப் செய்யும்போது 'நெக்ஸ்ட் நெக்ஸ்ட்' என்று அமுக்கிக்கொண்டே போகாதீர்கள். லாக் ஸ்கிரீனில் விளம்பரம் காட்ட, உங்களுக்குப் பிடித்த ஆப்களைத் 'தேடித் தர' என்று ஒவ்வொன்றாக அனுமதி கேட்கும். டிக்கை எடுத்துவிட்டுப் போனால் குப்பை பாதி குறையும்.

தமிழில் எழுதுபவர்கள் கடையிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். ஐபோனில் தமிழ்99, அஞ்சல் இரண்டு விசைப்பலகைகளும் உள்ளேயே இருக்கின்றன, ஆண்ட்ராய்டில் ஜிபோர்டு, இரண்டுக்கும் பொதுவாகச் செல்லினம். விரல் பழகிய விசைப்பலகை மாறினால் எரிச்சல் ஒரு மாதம் போகாது. பேசி எழுதுவது அதைவிட முக்கியம். அப்பா அம்மா மைக்கை அமுக்கிப் பேசித்தான் மெசேஜ் அனுப்புகிறார்கள் என்றால், டெமோ போனை அவர்கள் கையில் கொடுத்து 'சாயந்திரம் வரும்போது கருவேப்பிலை வாங்கிட்டு வா' என்று சொல்லச் சொல்லி என்ன விழுகிறது என்று பாருங்கள். நான் பார்த்த வரை இதில் ஆண்ட்ராய்டின் கை ஓங்கியிருக்கிறது.

மாறும் நாளில்

வாட்ஸ்அப்தான் பெரிய கண்டம், நிதானமாகப் படியுங்கள். கூகுள் டிரைவில் பேக்கப் இருக்கிறதே என்று நம்பி ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்குப் போகாதீர்கள், அந்த பேக்கப் ஐபோனில் இறங்காது. ஐகிளவுட் பேக்கப்பும் ஆண்ட்ராய்டில் இறங்காது. ஆண்ட்ராய்டில் 'மூவ் டு ஐஓஎஸ்' என்ற ஆப்பைப் போட்டு, ஐபோனை முதன்முதலாக ஆன் செய்யும் செட்டப்பிலேயே ஆண்ட்ராய்டிலிருந்து கொண்டுவா என்பதைத் தேர்ந்தெடுத்து, ஐபோனில் வரும் எண்ணை ஆண்ட்ராய்டில் அடித்து, பட்டியலில் வாட்ஸ்அப்பைத் தொட வேண்டும். இரண்டு போனும் சார்ஜில் இருக்கட்டும், ஒரே வைஃபையில் இருக்கட்டும், நம்பர் அதே நம்பராக இருக்கட்டும். இதில் சிக்கல் எங்கே வருகிறது தெரியுமா? கடையில் வாங்கியதுமே பையன் உதவி செய்கிறேன் என்று செட்டப்பை முடித்து, ஸ்கிரீன் கார்டு ஒட்டி, ஹோம் ஸ்கிரீன் வரை கொண்டுவந்து கையில் கொடுத்துவிடுவார். அதன் பிறகு வாட்ஸ்அப்பைக் கொண்டுவர வேண்டுமென்றால் ஐபோனை முழுக்க அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். டப்பாவைத் திறந்து போன் ஓடுகிறதா என்று மட்டும் பாருங்கள், 'ஹலோ' திரையைத் தாண்ட வேண்டாம், மிச்சத்தை நான் வீட்டில் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு என்றால் இரண்டையும் கேபிளால் இணைத்து, புதுப் போனின் செட்டப்பிலேயே செய்யுங்கள், திரையில் ஒரு க்யூஆர் வரும், பழைய ஐபோனால் அதை ஸ்கேன் செய்தால் வாட்ஸ்அப் திறந்து நகர ஆரம்பிக்கும். எந்தத் திசையானாலும் முந்தின நாளே வாட்ஸ்அப் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதிக்குப் போய் குட்மார்னிங் வீடியோக்களை ஒழித்துக்கட்டுங்கள், இல்லையென்றால் விடிய விடியக் காத்திருக்க வேண்டியதுதான்.

ஐபோனை விட்டு வருபவர்கள் சிம்மைக் கழற்றுவதற்கு முன்பே ஐமெசேஜையும் ஃபேஸ்டைமையும் ஆஃப் செய்யுங்கள். மறந்தால் மற்ற ஐபோன்காரர்கள் உங்களுக்கு அனுப்பும் மெசேஜ் பழைய போனைத் தேடிக்கொண்டு போகும், உங்களுக்கு வராது. மறந்துவிட்டவர்களுக்கு, எண்ணை விடுவிக்க ஆப்பிள் தளத்தில் தனிப் பக்கம் இருக்கிறது.

யுபிஐ ஆப்கள் புதுப் போனிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் அனுப்பித்தான் உங்களை அடையாளம் காணும், அதனால் வங்கியில் கொடுத்த சிம் அந்தப் போனில் இருக்க வேண்டும், எஸ்எம்எஸ் போகும் அளவுக்கு ரீசார்ஜும் இருக்க வேண்டும். பதிவு செய்த பின் ஆரம்பத்தில் அனுப்பும் தொகைக்கு வரம்பு குறைவாக இருக்கும். கல்லூரி ஃபீஸ் கட்ட வேண்டிய நாளில், மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டிய நாளில் போன் மாற்றும் வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். டெபிட் கார்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், சில வங்கி ஆப்கள் கேட்கும்.

பழைய ஐபோன் வாங்கி அந்தப் பக்கம் போய்ப் பார்க்கலாம் என்பவர்கள் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் என்று போங்கள். டிஸ்ப்ளேயோ பேட்டரியோ மாற்றியிருந்தால், பெரும்பாலான புது மாடல்களில் அது ஒரிஜினலா, தெரியாத பாகமா என்று அங்கேயே எழுதியிருக்கும். ஸ்டார் ஹாஷ் 06 ஹாஷ் அழுத்தி ஐஎம்இஐ எண்ணை எடுத்து, KYM என்று ஆங்கிலத்தில் அடித்து ஒரு இடைவெளி விட்டு அந்த 15 இலக்கத்தையும் போட்டு 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் போனின் விவரம் வரும். விற்பவர் உங்கள் கண் முன்னால், தொலைந்த போனைத் தேடிப் பூட்டும் ஃபைண்ட் மையை ஆஃப் செய்து, போனை அழித்துக் காட்டட்டும். 'பாஸ்வேர்டு மறந்துபோச்சு, நைட்டு அனுப்புறேன்' என்றால் காசை எடுக்காமல் கிளம்புங்கள்.

உங்கள் பழைய போனை உடனே எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடாமல் இரண்டு வாரம் வைத்திருங்கள், ஏதாவது ஒரு ஓடிபி ஆப், ஒரு ஸ்கேன் செய்த பத்திரம் அதில்தான் இருக்கும். ஆன்லைன் எக்ஸ்சேஞ்ச் என்றால் புதுப் போன் வரும்போதே பழையதைக் கொடுக்கச் சொல்வார்கள், அதனால் கொஞ்சம் விலை குறைந்தாலும் தனியாக விற்பதே மேல். கொடுப்பதற்கு முன், ஆண்ட்ராய்டு என்றால் செட்டிங்ஸில் போய் கூகுள் கணக்கை நீக்கிவிட்டு ரீசெட் செய்யுங்கள், ரீசெட் மட்டும் போதும் என்று பட்டனை அமுக்கிப் பிடித்து அழித்தால் அடுத்தவர் ஆன் செய்யும்போது உங்கள் கணக்கைக் கேட்டு நிற்கும். இதை முந்தின நாள் ராத்திரியே முடித்துவிடுங்கள். எடுத்துப் போகிறவர் வாசலில் நின்று மணியைப் பார்க்கும்போது எந்த பாஸ்வேர்டும் ஞாபகத்துக்கு வராது.